காங்கோ தபால்தலையின் பின்பக்கம்

கை எப்போதும் மண்ணெண்ணெய் மணக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து அழப் போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊரே வாசிக்கட்டும். அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. உங்களுக்குச் சம்மதமா என்று கேட்க வழியும் இல்லை.

நான் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். காதுகுத்து, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள். கருத்த கன்னங்களை வெளுப்பாக்கித் தருவதுதான் பாதி வேலை. முப்பது வருஷம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்து, மண்ணெண்ணெயில் மை கழுவியவரின் மகளுக்கு வேறு என்ன வேலை கொடுத்துவிடும் இந்த ஊர்?

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. செத்தவர் செத்தவர்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசம் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, என் கம்ப்யூட்டர் திரையில் நீங்கள் வந்து நின்றீர்கள்.

கூமாப்பட்டியிலிருந்து முத்தையா என்று ஒரு பெரியவர் வந்திருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் பட்டாளம்தான். அறுபதுகளில் ஐ.நா. சபை கேட்டு இந்தியா காங்கோ நாட்டுக்குப் படை அனுப்பியபோது கப்பலேறியவர் திரும்பவே இல்லை. முத்தையா அப்போது கைக்குழந்தை. அப்பாவைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். பட்டாளத்தில் உயிரை விட்டவர்களின் படங்களை மாட்டுவதற்கு ஊரில் ஓர் அறை கட்டியிருக்கிறார்களாம். அதில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைக்க, ஒரு தபால்தலையைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

"பாப்பா, இது லேசுப்பட்ட சாமான் இல்ல. சூதானமாப் பிடி" என்று ஒரு பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார்.

இந்திய வரைபடம் போட்ட, ஐந்து நயா பைசா பச்சைத் தபால்தலை. ஒட்டப்படாதது. அதன் மேல் கருப்பு மையில் 'யு.என். ஃபோர்ஸ் இந்தியா காங்கோ' என்று ஆங்கில எழுத்துகள். அங்கே இருந்த நம் படைக்காரர்கள் வீட்டுக்குக் கடிதம் போடுவதற்காக, சாதாரணத் தபால்தலையின் மேலேயே அரசாங்கம் இப்படி அச்சடித்துக் கொடுத்ததாம். ஆனால் அவர் கொண்டு வந்ததில் அந்த எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

"என்னய்யா, கவுந்து கிடக்கு?"

"அதுல்லா விசேஷம்! கவருமெண்டு அச்சகத்துல ஒரு தாளத் தெரியாமத் திருப்பிப் போட்டுட்டானாம். அந்தத் தாளு ஸ்டாம்பு உலகத்துலயே கைவிரல் விட்டு எண்ணுற அளவுதான் இருக்காம்."

"யாரு சொன்னா?"

அவர் ஒரு பேரைச் சொன்னார். உங்கள் முதலாளியின் பேர், அப்பா. அவர் தபால்தலை சேர்ப்பவர் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

"வெலைக்கு வாங்கினீயளா?"

"வெலையெல்லாம் இல்ல. மாத்திக்கிட்டோம். எங்கப்பா அங்கேருந்து எங்கம்மாவுக்குப் போட்ட காயிதம் ஒண்ணே ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. கவரோட. அதுல ஒட்டியிருந்தது நேரா அடிச்ச சாதா ஸ்டாம்பு. அதக் குடுத்துட்டு இத வாங்கிக்கிட்டேன். அப்பா படத்துக்குப் பக்கத்துல ஒசத்தியா ஒண்ணு இருக்க வேண்டாமா?"

"காயிதத்தையுமா குடுத்தீய?"

"காயிதமும் கவரும் சேந்து இருந்தாத்தான் ஆல்பத்துக்கு அழகுன்னாரு. அதுக்கென்ன, எனக்குத்தான் அம்புட்டும் மனப்பாடமாச்சே."

 தபால்தலையை ஸ்கேனரில் வைத்தேன். வெளிச்சம் மெதுவாக ஓடி முடிந்தது. திரையில் கடுகு அளவிருந்த எழுத்து உள்ளங்கை அளவாக விரிந்தது. நேராகப் படிக்கலாம் என்று படத்தைத் திருப்பினேன்.

ஃபோர்ஸ் என்ற சொல்லில் வரும் ஆங்கில ஆர் எழுத்துக்கு வலது கால் பாதியில் ஒடிந்திருந்தது.

அந்த ஒடிந்த காலை எனக்கு ஆறு வயசிலிருந்து தெரியும். நீங்கள் அடித்த ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையின் அடியிலும் அச்சகத்தின் பேர் எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் இருக்கும். அதில் ஓர் ஆர் நொண்டும். "மாத்தித் தாங்கன்னு கேட்டாச்சு, வாங்கித் தர மாட்டேங்கான்" என்று புலம்புவீர்கள். ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பத்திரிகையின் அடியில் நொண்டி ஆரைத் தேடிப் பிடித்து, 'இது எங்கப்பா அடிச்சது' என்று சொல்வது என் விளையாட்டு.

 மண்ணெண்ணெய் வாசம் அடித்ததைப் போல இருந்தது. பக்கத்து சீட்டுப் பையனிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றான்.

"என்ன பாப்பா, முழிக்க?" என்றார் முத்தையா. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தபால்தலையை அவரே எடுத்துத் திருப்பி, "பின்னால கூட ஏதோ மஞ்சளா இருக்கு, பழசுல்லா" என்று, சுண்ணாம்பு தொட்ட அதே விரலால் அந்தக் கறையைத் தடவினார்.

கறை சிவந்தது. ஒரு நொடியில். நடுவிலிருந்து ஓரத்துக்கு, காயம் கசிவதைப் போல. சிவக்கச் சிவக்க அதில் வரிகள் தெரிந்தன. ஒரு விரல் நுனியின் ரேகை. ரேகையின் குறுக்கே ஒரு கோடு.

அவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஏம்மா... ரத்தம்லா இது?" என்றார். கடையில் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் தபால்தலையை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக் கும்பிட்டார். "எங்கப்பா" என்றார். "எங்கப்பா வந்துட்டாரு."

வந்தது அவருடைய அப்பா இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எந்த வேலையானாலும் அச்சில் வரும் முதல் தாளின் மூலையில் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வைப்பீர்களே! மில் லேபிளுக்கும் வைப்பீர்கள், ஸ்டிரைக் நோட்டீசுக்கும் வைப்பீர்கள். கருமாதிப் பத்திரிகைக்கு மட்டும் கிடையாது. மோதிர விரலால்தான் வைப்பீர்கள். தாள் வெட்டும் இயந்திரத்தில் நுனி வெட்டுப்பட்டுத் தையல் போட்ட விரல். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரியும். பட்டாளக்காரர் அந்த நிமிஷத்தில் அதை மறந்துவிட்டார். முன்பக்கம் வைத்தால் முதலாளி ஏசுவார் என்று பின்பக்கம் வைத்திருக்கிறீர்கள். முதலாளியும் பின்பக்கம் பார்க்கவில்லை. மஞ்சள் எந்த அரசாங்க அச்சகத்துத் தபால்தலையில் இருக்கும், சொல்லுங்கள்?

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. "ரெண்டு நாள் ஆகும்யா" என்று மட்டும் சொன்னேன். தபால்தலையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். உங்கள் முதலாளியிடம் கொடுப்பதற்கு முன்னால் பழைய கவரை அவர் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு படங்களையும் ஒரே அளவாக்கி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அவர் அப்பா ஒட்டியது நேர் அச்சு, உங்களுடையது தலைகீழ். அரசு அச்சகத்தில் யாரோ தாளைத் திருப்பிப் போட்டிருந்தால் எழுத்து கவிழ்ந்திருக்கும், அவ்வளவுதான். எழுத்தின் உருவம் மாறாது. ஆனால் இங்கே வரிகளுக்கு நடுவே இடைவெளி வேறு, எழுத்தின் தடிமன் வேறு, கால் ஒடிந்த ஆர் வேறு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. போலி.

ஒரு பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சோறு இறங்காத மனுஷன் நீங்கள். உங்களை அந்த முதலாளி கூப்பிட்டு, தப்பாக அச்சடி என்று சொல்லியிருக்கிறான். அந்தத் தப்பையும் நீங்கள் பிசகில்லாமல் நேர்த்தியாக அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, செத்த மனுசன எதுக்குத் தூக்கி நிறுத்துத? அவிய பேருல ஒரு சொல்லு உண்டுமா இந்த ஊருல?"

"அந்தப் பெரியவரு காயிதம் போச்சேம்மா."

"அவரு சந்தோசமாத்தான இருக்காரு? ஒனக்கு என்ன வந்துச்சு?"

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை மேலும் எரிய வைத்தது. நம்மைப் போன்றவர்களிடம் இருப்பது ஒரு நல்ல பேர்தான். அதையும் நாம் வாயை மூடிக் காப்பாற்ற வேண்டும். நாம் மூடிய வாய்க்குப் பின்னால் அவர்கள் ஆல்பம் நிரப்புவார்கள்.

இன்னொன்றையும் நான் மறக்கவில்லை, அப்பா. செத்த அன்றைக்கு நீங்கள் அச்சகத்துக்குள் இயந்திரத்தின் மேல்தான் சாய்ந்திருக்கிறீர்கள். உங்களைத் தூக்கி வந்து கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் கிடத்திய பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. 'ரோட்டுல நடந்து போகையில விழுந்துட்டாரு' என்றார் முதலாளி. உங்கள் விரலில் மை ஈரமாக இருந்தது. ரோட்டில் நடந்து போகிறவனின் விரலில் ஏது ஈர மை? அப்போதும் அம்மா என் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் முத்தையாவே போன் செய்தார். சந்தோஷமாக இருந்தார். "பாப்பா, நம்ம ஸ்டாம்புக்காரரு ஞாயித்துக்கிழம ஆல்பத்த எல்லாம் மெட்ராசுக்குக் கொண்டு போறாராம். அங்க யாரோ மொத்தமா எடுத்துக்கிடுதாங்களாம். எங்கப்பா காயிதம் மெட்ராசு பாக்கப் போகுது!"

அன்று வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரச்சொல்லி, டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆர் எழுத்தைக் காட்டினேன். மஞ்சளைச் சொன்னேன். அடித்தது என் அப்பா என்றும் சொன்னேன். ஆறிப்போன டீயை அவர் குடிக்கவே இல்லை.

"அப்ப அது ரத்தம் இல்ல" என்றார்.

"இல்லய்யா."

டீக்கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு, "நான் ரெண்டு நாளா அதக் கும்பிட்டுட்டுல்லா இருந்தேன், மனசுக்குள்ள" என்றார். கோபமா அழுகையா என்று தெரியாத குரல். "வா. போவோம்."

ராஜபாளையத்தில் முதலாளி வீட்டு வெள்ளை நாய் அந்நியர்களைக் கேட்டருகே விடாது. தெருவே அதற்குப் பயப்படும். என்னைப் பார்த்து எழுந்தது. குரைக்கவில்லை. என் கையை முகர்ந்துவிட்டு, வழிவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் அந்த வீட்டுக்குள் அதுவரை போனதே இல்லை; உங்கள் வாசம் என் கையில் இருந்ததோ என்னவோ.

முதலாளி மதியச் சாப்பாடு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். முத்தையா விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேலுச்சாமி மவதான நீ? சரி, போலின்னே வச்சுக்க. போலீசுக்குப் போறியா? போ. அடிச்சவன் யாருன்னு கேப்பான். ஒங்கப்பன் பேருதான் மொதல்ல எழுதுவான். செத்தவன் பேரு நாறணுமா?"

"நாறட்டும். அவருக்கு இனிமே மூக்கு கிடையாது. ஒங்களுக்கு இருக்கு."

அவர் எழுந்து கத்தத் தொடங்கினார். நான் நிற்கவில்லை. முற்றத்தைத் தாண்டிப் பின்பக்கம் ஒரு ஷெட் தெரிந்தது. அங்கிருந்துதான் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

காலால் மிதித்து ஓட்டும் உங்கள் ட்ரெடில் இயந்திரம் அங்கே இருந்தது. நீங்கள் செத்த அந்த மாசமே அதை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதன் பெரிய சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மிதிக்க ஆள் இல்லை. நான் பார்க்கப் பார்க்க, இன்னும் ஒரு சுற்று சுற்றி நின்றது.

பின்கதவு திறந்து கிடந்தது. சத்தம் கேட்டு யாரோ ஓடியிருக்கிறார்கள். அதுதான் நியாயமான விளக்கம். அதையே எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இயந்திரத்தருகே போனேன்.

இயந்திரத்தில் நீங்கள் கோத்து நூல் கட்டிய அதே வரிகள் இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கப்பட்டிருந்தன. அந்த முடிச்சு உங்களுடையது. இடக்கைக்காரர் போடும் முடிச்சு. எழுத்தைத் தொட்டேன். விரலில் கருப்பு ஒட்டியது. நீங்கள் செத்து இரண்டு வருஷம் ஆகியும் மை காயவில்லை, அப்பா.

பக்கத்துப் பலகையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் குழைத்த மஞ்சள். ஈரமாக. புதிதாக அடித்த தபால்தலைகள் காய்ந்துகொண்டிருந்தன. முதல் தபால்தலையைப் புரட்டினேன். பின்னால் மஞ்சள் பொட்டு. ரேகையில் குறுக்குக் கோடு இல்லை. வேறு யாருடைய விரலோ. உங்களுக்குப் பிறகு வந்தவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நீங்களா? அல்லது உங்கள் இயந்திரத்தில் நின்றால் யாருக்கும் அது வந்துவிடுமா?

உங்களைக் கேட்டுக்கு வெளியே போட்டார்கள். உங்கள் முடிச்சையும் உங்கள் நொண்டி எழுத்தையும் உங்கள் மஞ்சளையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். செத்தும் உங்களுக்கு விடுமுறை கொடுக்கவில்லை. பேய் என்று நம் ஊரில் எதை எதையோ சொல்கிறார்கள். நான் பார்த்த பேய் இதுதான். செத்தவனை எழுப்பி வேலை வாங்குகிற பேய்.

எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்தேன். முடுக்கைத் தளர்த்தி, நூல் கட்டோடு அந்த எழுத்துகளை என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

முற்றத்தில் முத்தையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளிதான் நின்றுகொண்டிருந்தார். "மெள்ளப் பேசுங்க" என்றார் முத்தையா. "எங்க வீட்டுல ரெண்டு பேரு காக்கிச்சட்ட. நான் போன் போட்டா என்ன ஏதுன்னு கேக்காம வருவானுவ. எனக்கு ஆல்பம் வேண்டாம், கேசு வேண்டாம். எங்கப்பா காயிதம் மட்டும் போதும்."

"ஒரு காயிதத்துக்கா இம்புட்டுக் கூத்து!"

"ஆமா. ஒரு காயிதத்துக்குத்தான்."

என் கையில் இருந்த மையையும் பையின் கனத்தையும் முதலாளி பார்த்தார். உள்ளே போனார். கவரோடு வந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கையில் முத்தையா கவரைப் பிரித்துப் பார்த்து, உள்ளே காகிதம் இருப்பதை உறுதி செய்துகொண்டு, சட்டைக்குள் வைத்தார். பிறகு பிளாஸ்டிக் உறையை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார்.

"இத என்ன செய்யணும்?"

"பின்னால போலின்னு எழுதிடணும்யா. இல்லன்னா நாளைக்கு வேற யாராவது ஏமாறுவாங்க."

"எழுது. எழுதிட்டு நீயே வச்சுக்க" என்றார். "நான் எங்கப்பாவ வாங்கிட்டு வந்துட்டேன். நீ ஒங்கப்பாவ வாங்கிக்க."

அவர் கேஸ் வேண்டாம் என்றார். அது அவர் இஷ்டம். நான் கொடுத்துவிட்டேன், அப்பா. படங்களோடும் எழுத்துக் கட்டோடும் புகார் கொடுத்தேன். முதலாளியின் பேரை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எழுத வேண்டிய தாளில் எழுதியாகிவிட்டது. "மொதல்ல அச்சடிச்சது யாரும்மா?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். உங்கள் முழுப் பேரையும் இனிஷியலோடு சொன்னேன்.   அதோடு, நீங்கள் எங்கே விழுந்தீர்கள், எங்கே கிடத்தப்பட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். பெண் போலீஸ் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதினாள்.

ஒன்றுதான் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் செய்தீர்களா? 'கண்காட்சிக்கு வேணும்' என்று சொல்லி உங்களை ஏமாற்றினார்களா? துரோகம் என்று தெரிந்திருந்தால் கருமாதிப் பத்திரிகை போல மஞ்சள் வைக்காமல் விட்டிருப்பீர்களா? அல்லது தெரிந்தே, பின்னால் என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று உங்கள் விரலை அதில் விட்டுப் போனீர்களா? கடைசியில் சொன்னதுதான் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. ஆசைப்படுவதையெல்லாம் உண்மை என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். தலைகீழாக அச்சடித்த காங்கோ தபால்தலை உங்களிடம் இருந்தால் பின்பக்கம் பாருங்கள். மஞ்சளோ, முன்பக்கம் நொண்டி ஆரோ இருந்தால் என்னிடம் வாருங்கள். கூலி வேண்டாம். அடித்தவரின் மகள் நான். உண்மையைச் சொல்லி அனுப்புவேன்.

அப்பா, நேற்று உங்கள் தபால்தலையை எடுத்து, பென்சிலைச் சீவி, பின்பக்கம் 'போலி' என்று எழுதினேன். விரல் அளவு தாளில் உங்கள் ரேகைக்குப் போக மிச்சம் இருந்தது கொஞ்சம் இடம்தான். ரேகையின் மேல் ஒரு கீறல் கூடப் படாமல் எழுதினேன். இன்னும் எத்தனை வந்தாலும் இப்படித்தான் எழுதுவேன். போலியைப் போலி என்பேன், உங்களை அழிக்க மாட்டேன். இது சத்தியம்.

வேலுச்சாமி பெற்ற ஒரே மகள்,
செல்வி
ராஜபாளையம்